மெழுகின்றி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று காலை பத்து மணிக்கு அது மூக்கையும் தாண்டி உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. கடைசித் திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்திருந்த நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், சிவப்புப் பென்சிலால் இரண்டே இரண்டு சொல் எழுதியிருந்தது. "மூன்று படி?"

எழுதியவர் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை அழைப்பதும் 'மூணுபடி' என்றுதான். எங்களுடையது அகராதி தயாரிக்கும் அலுவலகம். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பொதுவாக வழங்கும் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படியெல்லாம் பொருள் மாறின என்று தமிழில் சொல்லும் அகராதி. பதினோரு ஆண்டுகளாக அதற்காக மாடாய் உழைத்திருக்கிறோம். அன்று மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

மூணுபடியின் சட்டம் இதுதான்: ஒரு சொல்லுக்குப் பிறப்புக் கதை எழுதினால், அதைச் சொன்ன நூல் எது, அந்த நூலுக்குச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று மூன்று படி பின்னால் இறங்கிப் பார்க்க வேண்டும். படிக்கு ஓர் அட்டை. அட்டையின் வலது மூலையில் அதைக் கண்டுபிடித்தவர் பெயர். இல்லையென்றால் அந்தக் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அகராதியில் அதற்கு இடம் கிடையாது.

அந்தப் பக்கத்தில் இருந்த சொல் சின்சியர். "பையன் ரொம்ப சின்சியர்" என்று நாமும் நாள் தவறாமல் சொல்கிறோமே, அதேதான். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துகீசியர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் ஆளுக்கொரு விதமாக வாயைக் கோணிக்கொண்டு சொல்வதும் இந்த ஒரே சொல்லைத்தான். எல்லாருக்கும் தாய்வீடு லத்தீன். அதற்கு நான் எழுதியிருந்த கதையும் சும்மா சொல்லக் கூடாது, ஜோரான கதை. ரோமானியச் சிற்பிகளில் சிலர், பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகு பூசி மறைத்து விற்றார்களாம். வெயில் ஏறினால் மெழுகு உருகி வண்டவாளம் வெளியே வந்துவிடுமாம். அதனால் நேர்மையான சிற்பிகள் தங்கள் சிலையை 'மெழுகின்றி' என்று சொல்லி விற்றார்களாம். லத்தீனில் 'சினே செரா' என்றால் மெழுகு இல்லாமல். அதுவே ஒட்டிக்கொண்டு சின்சியர் ஆயிற்றாம்.

இந்தக் கதைக்கு என்னிடம் ஓர் அட்டைதான் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழில் வந்த கட்டுரையிலிருந்து இந்தக் கதை வரிகளை மட்டும், இப்போது வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு சகா வெட்டி ஒட்டி வைத்திருந்தார். போன மாதம் அந்த அட்டையைப் பெட்டியில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் இந்தக் கதை எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தெரியும். நான் நினைத்ததையே இன்னொருவரும் எழுதியிருக்கிறாரே! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? மற்ற இரண்டு படிகளையும் இறங்காமல், ஒரே மூச்சில் பதிவை எழுதி முடித்திருந்தேன்.

"படிதானே வேணும்? இதோ வர்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தொலைபேசியை எடுத்தேன்.

வார இதழ் அலுவலகத்தில் என்னை மூன்று பேரிடம் பந்தாடினார்கள். நான்காவதாக வந்தவர்தான் அந்தக் கட்டுரையை எழுதியவர்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதையா கேக்குறீங்க? நான் இப்போ தோட்டப் பக்கம் எழுதுறேன்ங்க. பூச்சி, உரம், தொட்டிச் செடி."

"சார், மெழுகு. ரோமானியச் சிற்பி. கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க."

"அட, அதுவா! அருமையான கட்டுரைங்க. நிறைய பேர் பாராட்டினாங்க."

"அதுல அந்தக் கதை உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது? எந்தப் புத்தகம்?"

"புத்தகமா? கட்டுரையே ஒரு கல் பட்டறையைப் பத்தித்தாங்க. பட்டறைக்காரர் சொன்னார்."

நான் இரண்டாவது அட்டையை எடுத்து 'கல் பட்டறை உரிமையாளர்' என்று வேகவேகமாக எழுதினேன். பேனா பறந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தத் துரத்தல்தான். பசி தெரியாது, பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. இன்னும் ஒரே ஒரு படி!

"அவருக்கு யார் சொன்னதாம்? கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? அவரோட மச்சினி பெரிய மொழி ஆராய்ச்சியாளராம். அந்தம்மா பட்டறைத் திறப்பு விழாவுல பேசினாங்களாம். பட்டறை வாசல்ல கூட 'மெழுகின்றி'ன்னு கல்லுல வெட்டி வெச்சிருந்தார். ஹலோ? ஹலோ, இருக்கீங்களா?"

இருந்தேன். எங்கே போவது? அந்தப் பட்டறைக்காரர் என் அத்தான். அக்காவின் கணவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் திறப்பு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே இந்தக் கதையை அளந்துவிட்ட அந்தப் பெரிய மொழி ஆராய்ச்சியாளர் சாட்சாத் நானேதான். என் வாயிலிருந்து அத்தானுக்கு, அத்தானிடமிருந்து வார இதழுக்கு, வார இதழிலிருந்து எங்கள் பெட்டிக்கு. நான் சொன்னதையே நான் சான்றாக வைத்து, 'எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்' என்று மெச்சியும் இருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரி, எனக்கு யார் சொன்னார்கள்? யாரோ. எங்கே? கல்லூரி கேன்டீனில் எங்கேயோ.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய லத்தீன் அகராதிகள் நான்கையும் இழுத்துப் போட்டேன். தூசியில் தும்மிக்கொண்டே புரட்டினேன். மெழுகா? மருந்துக்குக்கூட மெழுகு இல்லை. ஒன்றில் மட்டும், அப்படி ஒரு கதை உலவுகிறது, ஆதாரம் கிடையாது என்று ஒதுக்கியிருந்தார்கள். பழைய நூல்களில் அந்தச் சொல் சுத்தமானது, கலப்பில்லாதது, பழுதில்லாதது என்ற பொருளில்தான் வருகிறதாம். மனிதரின் மனத்துக்கு மட்டுமல்லாமல் பொருள்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். வேர் எது என்பது உறுதியில்லை. 'ஒன்று' என்பதும் 'வளர்தல்' என்பதும் சேர்ந்து, ஒரே வளர்ச்சியாக வளர்ந்தது என்று பிறந்திருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். அவ்வளவுதான்.

அவமானத்துக்கு நடுவிலும் எனக்குச் சிலிர்த்தது. ஒரே வளர்ச்சி! ஒட்டுப் போடாதது! இந்த 'இருக்கலாம்' என் மெழுகை விட எவ்வளவு அழகு! கையில் இருந்ததை விட்டுவிட்டு நான் எங்கேயோ கிடந்த கதைக்கு மாலை போட்டிருக்கிறேன்.

பதிவைத் திருத்துவது பெரிய விஷயமில்லை. அரை மணி நேர வேலை. ஆனால் அத்தானிடமும் சொல்லிவிட வேண்டுமே என்று பட்டறைக்குப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். பின்னால் கல் அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

"ஏய், நானே உனக்குப் பண்ணணும்னு இருந்தேன்! இன்னிக்கு மூணு மணிக்கு பிளான் மேடம் வர்றாங்கடி. கையெழுத்துப் போட வர்றாங்க!"

பிளான் மேடம் என்பது புதிதாகக் கட்டும் பொது நூலகத்தின் கட்டடக் கலைஞர். அந்த நூலகத்தின் கூடம், படிக்கட்டு, முகப்புச் சுவர் எல்லாவற்றுக்குமான கல் வேலைக்கு அத்தான் எழுதிப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். நான்கு மாதமாகப் பட்டறையில் சமையலறை மேடைக் கல்லைத் தவிர வேறு வேலை இல்லை. அறுப்பவர்களில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஆறு பேருக்கும் இது கிடைத்தால் ஓர் ஆண்டு வேலை. கிடைக்காவிட்டால் மெஷினை மூடித் துணி போட வேண்டியதுதான் என்று அக்கா போன வாரம் அழுதிருந்தாள்.

"அப்படியா அக்கா, ரொம்ப சந்தோஷம்…"

"கேளு முழுசா! முகப்புச் சுவர்ல என்ன பொறிக்கப் போறாங்க தெரியுமா? உன் கதையைத்தான்! 'மெழுகின்றி என்றான் சிற்பி. உண்மை என்று கேட்டது உலகம்.' அத்தான் மூணு வாரமா கல்லுல கையாலயே வெட்டி மாதிரிப் பலகை செஞ்சு வெச்சிருக்கார். அவங்க கமிட்டி அந்த வரியைக் கேட்டுத்தான் மயங்கிப்போச்சாம். உன்னாலதாண்டி இந்த ஆர்டர். வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போ!"

"வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நேராக மூணுபடியின் அறைக்குப் போனேன். மூன்று அட்டைகளையும் அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் அட்டை வார இதழ். இரண்டாவது கல் பட்டறை. மூன்றாவது அட்டையில் என் பெயர். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இருபத்தெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன்ம்மா. தன்னைத்தானே சாட்சிக்குக் கூப்பிட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். சிரிக்கிறாரா, திட்டுகிறாரா என்று முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள மாத்தி எழுதிடுறேன் சார். ஆனா ஒரு சுவர் இருக்கு." நூலகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"சுவர் நம்ம அகராதியில வராதேம்மா."

"ஆனா நம்ம அகராதி அந்த நூலகத்துக்குள்ள வரும் சார்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஆமா. வாசல்ல ஒண்ணைப் படிச்சுட்டு வர்றவன், உள்ள வந்து அதைப் பொய்னு படிப்பான்" என்றார். பிறகு, "அது உங்க வீட்டு விவகாரம். நான் அஞ்சு மணி வரைக்கும் பக்கத்தைப் பிடிச்சு வெக்கிறேன்" என்று முடித்துவிட்டார்.

ஸ்கூட்டரில் ஏறினேன். வழி முழுக்க என் மனசு பேரம் பேசிக்கொண்டே வந்தது. அகராதியில் மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் என்ன? சுவர் பாட்டுக்குச் சுவராக இருக்கட்டுமே? அழகான வரிதானே, யாருக்கு என்ன நஷ்டம்? ஆறு பேர் வேலை. அக்காவின் அழுகை. ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒலிபெருக்கியைப் பிடித்தவள் நான்தானே! ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு முடிவு எடுத்தேன். பச்சை விழுந்ததும் அதை மாற்றினேன்.

பட்டறை வாசலில் 'மெழுகின்றி' என்ற சொல் சாம்பல் நிறக் கல்லில் நிமிர்ந்து நின்றது. உள்ளே தரையெல்லாம் தண்ணீரும் வெள்ளைச் சேறும். சாய்வுச் சட்டங்களில் பலகைக் கற்கள் வரிசையாக நின்றன. அவற்றில் அங்கங்கே சிவப்பு வட்டங்கள். அது அத்தானின் வழக்கம். கல்லில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அதைச் சுற்றிச் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். கண்டுபிடித்தவரே வட்டம் போட்டு, பக்கத்தில் தன் பெயரையும் எழுத வேண்டும். அவர் கையால் விழுந்த விரிசலாகவே இருந்தாலும் திட்டு கிடையாது, மறைத்தால்தான் திட்டு. வாங்க வருபவர் வட்டத்தைப் பார்த்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று சொல்லட்டும். மற்ற பட்டறைகளில் கல்லில் குறி போட மெழுகுக் கட்டியைத்தான் வைத்திருப்பார்கள். அத்தான் அதைக்கூட உள்ளே விட மாட்டார். "போர்டுல ஒண்ணு போட்டுட்டு உள்ள இன்னொண்ணா?" என்பார். அக்கா இதனாலேயே அவருக்குச் 'சின்சியர் சிகாமணி' என்று பெயர் வைத்திருந்தாள்.

"வாங்க புலவரே!" அத்தான் ரப்பர் பூட்ஸோடு வந்தார். முகமெல்லாம் கல்தூள், அதற்கு நடுவில் ஒரு சிரிப்பு. "பலகையைப் பாக்குறீங்களா? 'உலகம்'ல வர்ற அந்த 'ம்' புள்ளியை மட்டும் ஒரு நாள் முழுக்க வெட்டினேன்."

துணியை விலக்கினார். வெண்மையான பலகை. ஒவ்வோர் எழுத்தும் ஊற்றி வைத்தது மாதிரி இருந்தது. அக்கா நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே, "முதல்ல தலையைச் சீவிக்கோடி, ஓடி வந்த கோலத்துலயா பேசுவ?" என்றாள்.

"அது பொய் அத்தான்" என்றேன். இதமாகச் சொல்ல நான்கு விதம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"எது?"

"மெழுகுக் கதை. அந்தச் சொல் அப்படிப் பிறக்கல. ரோம்ல எந்தச் சிற்பியும் அப்படி எழுதி வெச்சதா எங்கயும் சான்று இல்ல. எவனோ கட்டின கதையை நான் மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

அத்தான் கை காட்டினார். யாரோ மெஷினை நிறுத்தினார்கள். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா கையிலிருந்த துணியை விட்டெறிந்தாள். "ஏழு வருஷம் கழிச்சு, அவங்க வர்றதுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதுதான் உனக்கு ஞானோதயம் வந்துச்சா? வாயை மூடிட்டு நாளைக்கு வந்து சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"நாளைக்கு இவர் கையெழுத்துப் போட்டிருப்பார் அக்கா. அந்த நூலகத்துலயே என் அகராதியும் இருக்கும். சுவர்ல ஒண்ணு, அலமாரியில வேற ஒண்ணு. அப்புறம் இவர் பேர் கெட்டுப்போகும்."

"ஆமா, உன் அகராதியை ஜனங்க வரிசையில நின்னு படிக்கப் போறாங்க!"

எனக்கு வந்ததே கோபம்! பதினோரு ஆண்டு! "அதைப் படிக்க மாட்டாங்க, இதை மட்டும் படிப்பாங்களா? அப்ப எதுக்குக் கல்லுல வெட்டணும்?" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். நாங்கள் இருவரும் சின்ன வயதில் ஜன்னல் பக்கத்து இருக்கைக்குச் சண்டை போட்டது போலவே கத்தினோம். அவள் கண்ணில் நீர் வந்ததும் என் கோபம் பொசுக்கென்று அணைந்துபோயிற்று. அவள் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தான் இவ்வளவு நேரமும் பலகையின் எழுத்துகளைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அப்போ ரோம்ல யாரும் விரிசலை மறைக்கலையா?" என்று கேட்டார்.

"மறைச்சிருக்கலாம், மறைக்காம இருந்திருக்கலாம். அதுலேர்ந்து இந்தச் சொல் வரல."

"நான் மறைச்சேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் பட்டறை முழுக்கக் கேட்டது. "உங்க கதையைக் கேக்குற வரைக்கும், முன்னாடி வேலை பார்த்த பட்டறைகள்ல எல்லாரையும் மாதிரி நானும் பசையில கல்தூளைக் குழைச்சு அடைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். மேல பாலிஷ் போட்டுட்டா யாருக்குத் தெரியும்? நீங்க அன்னிக்குப் பேசினப்போ எனக்கு என்னையே சொன்ன மாதிரி இருந்துச்சு. மறுநாள் பசை டப்பாவைத் தூக்கி வெளியில வெச்சேன்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் கைத்தட்டலுக்காகச் சொன்ன கதை அது.

அத்தான் சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கண்டுபிடிச்சவங்கதான் போடணும். உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அத்தான், மூணு வார வேலை இது. ஆர்டர்…"

"கல்லுல விரிசல் இருந்தா காட்டுவேன், எழுத்துல இருந்தா மறைப்பேனா? போடுங்க, வண்டிச் சத்தம் கேக்குது."

அந்த வரியைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. அதன் பக்கத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன்.

பிளான் மேடம் சேற்றில் கால் வைத்து வைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் சுருட்டிய வரைபடங்கள். பலகையைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

"விரிசல் மேடம்" என்றார் அத்தான். "கல்லு நல்லா இருக்கு. வாசகத்துலதான் விரிசல் விட்டிருக்கு. இவங்க சொல்லுவாங்க."

சொன்னேன். கேன்டீனில் தொடங்கி, தோட்டப் பக்கம் எழுதுபவர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஒரு முறையும் குறுக்கிடவில்லை. நான் முடித்ததும், "அப்போ அந்தச் சொல்லுக்கு நிஜமா என்ன அர்த்தம்?" என்றார்.

"கலப்பில்லாததுன்னு அர்த்தம். ஒரே வளர்ச்சியா வளர்ந்ததுன்னு பிறந்திருக்கலாம். உறுதியாத் தெரியாது மேடம்."

அவர் முகம் இறுகியது. "எங்க கமிட்டி இந்த வரிக்காகத்தான் உங்களுக்குச் சரின்னு சொன்னாங்க. நான் பேசிட்டு வர்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அந்தப் பத்து நிமிடத்தை நான் எப்படிக் கடந்தேனோ தெரியாது. அறுப்பவர்கள் ஆறு பேரும் வேலை செய்வது போலப் பாவனை செய்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தான் மட்டும் ஒரு துணியை எடுத்துப் பலகையின் ஓரத்தைத் துடைத்தார், வட்டத்தில் படாமல்.

பிளான் மேடம் திரும்பி வந்தார்.

"வாசகம் வேண்டாம்னுட்டாங்க."

"கல்லு?" என்றாள் அக்கா.

"இந்த ஆளு எல்லா விரிசலையும் இப்படித்தான் காட்டிக்கொடுப்பாரான்னு கேட்டாங்க. போன மாசம் நான் சொல்லாம வந்தப்போ நாலு பலகையில வட்டம் பார்த்தேன்னு சொன்னேன். அதுல ஒண்ணு இவரோட பேர்லயே இருந்துதுன்னும் சொன்னேன்." வரைபடங்களுக்கு நடுவிலிருந்து தாள்களை உருவி எடுத்து, நாற்காலியின் மேல் வைத்து, குனிந்து கையெழுத்துப் போட்டார். "சுவர்ல என்ன எழுதுறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். எழுதாமலேகூட இருக்கட்டும், நல்ல கல்லுதானே."

ஆறு பேரில் ஒருவர் விசிலடித்தே விட்டார். மெஷின் மறுபடி அலறத் தொடங்கியது. அக்கா ஒரு கோப்பை தேநீரை என் கையில் திணித்தாள்.

"குடி. ஆறிப்போச்சு. அதுக்கும் நீதான் காரணம்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தலைமுடியை அவளே ஒதுக்கிவிட்டாள்.

மணி நான்கைத் தாண்டியிருந்தது. ஸ்கூட்டரைத் திருப்பும்போது வாசலில் இருந்த கல்லைக் காட்டி, "இதையும் எடுத்துடுங்க அத்தான், பார்க்கவே கூச்சமா இருக்கு" என்றேன்.

"இதை எதுக்கு எடுக்கணும்? இது ரோமைப் பத்தின சேதியா?" என்றார் அவர். "உள்ள போய்த் தேடிப் பாருங்க புலவரே. ஒரு பொட்டு மெழுகு கிடைச்சா எடுத்துடுறேன்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புதிய பதிவை மூணுபடியின் மேசையில் வைத்தேன். மெழுகுக் கதையை அடியோடு நீக்கவில்லை. சான்றில்லாத கதை என்று சொல்லி, கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். பெட்டிக்கு மூன்று அட்டைகள். மூன்றாவதில் சொன்னவர் என்ற இடத்திலும் என் பெயர், கண்டுபிடித்தவர் என்ற மூலையிலும் என் பெயர். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "படி சரியா இருக்கு" என்று பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

அந்தப் பலகையை அத்தான் தூக்கிப் போடவில்லை. பட்டறை முற்றத்தில், வருபவர் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார், வட்டத்தோடும் என் பெயரோடும். போன வாரம் நல்ல மழை. நேற்றுக் காலை போன் வந்தது.

"புலவரே, வட்டம் அழிஞ்சு போச்சு. வந்து போட்டுட்டுப் போங்க."

"நீங்களே போடக்கூடாதா அத்தான்?"

"அது எப்படி? கண்டுபிடிச்சது நீங்கதானே."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.